பழைய காரின் பின்பக்கச் சத்தம்: கமான் கட்டைக் கவனிக்கும் முறை

குறிஞ்சிப்பாடி, வடலூர், பண்ருட்டி வட்டாரங்களில் அம்பாசிடர் காரை இன்னும் கைவிடாத விவசாயக் குடும்பங்கள் உண்டு. ஒரு காலத்தில் கல்யாணத்திற்கும் கோர்ட்டுக்கும் வாடகைக்கு அமர்த்திய கார், பின்னாளில் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. இப்போது அது விதை மணிலாவை ஏற்றுகிறது. உர மூட்டையை ஏற்றுகிறது. எரிந்துபோன பம்பு செட் மோட்டாரைக் காயில் கட்டுவதற்காகக் கடலூருக்குக் கொண்டுபோகிறது. நடு இரவில் உடம்புக்கு முடியாதவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுதான்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957-ல் தொடங்கிய இதன் உற்பத்தி, 2014 மே மாதத்தில் நின்றுவிட்டது. ஆகவே கடைசியாக வெளிவந்த அம்பாசிடருக்கும் இன்று பத்து வயது தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வயது. இரண்டு லட்சம், மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகள் சர்வசாதாரணம். பதிவு செய்து 15 ஆண்டு முடிந்த சொந்த வாகனத்தைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு வண்டியைத் தயார் செய்யும்போதுதான் பலருக்குப் பின்பக்கச் சத்தம் நினைவுக்கு வருகிறது. அதுவரையில் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

சத்தம் வந்தவுடன் வழக்கமாக நடப்பது மூன்றில் ஒன்று. ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று புதிதாக இரண்டு வாங்கிப் போடுவது ஒன்று. வண்டி இறங்கிவிட்டது என்று கமான் கட்டில் கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்ப்பது மற்றொன்று. மூன்றாவது, எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைப் பட்டைகளின் மேல் ஊற்றிவிடுவது. மூன்றுமே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் செய்யப்படுகின்றன. மணிலாப் பயிர் மஞ்சளாவது தழைச்சத்துக் குறைவாலும் இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவாலும் இருக்கலாம். வேரடியில் தண்ணீர் நின்றதாலும் இருக்கலாம். எந்த மஞ்சளுக்கும் யூரியாதான் என்று போடுபவருக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். காரின் பின்பக்கச் சத்தமும் அப்படிப்பட்டதே. பத்தில் பெரும்பங்கு, விலை மலிவான ரப்பர் புஷ் தேய்ந்ததால் வருவது. ஆனால் அதே மாதிரியான சத்தம் கொடுக்கும் இரண்டு கோளாறுகள் உயிருக்கு உலை வைப்பவை. எனவே எது எதுவென்று பிரித்து அறிவது அவசியமாகிறது.

வில் வண்டியில் தொடங்கிய வேலை

மாட்டு வண்டிகளில் பார வண்டிக்கு வில் கிடையாது. ஆட்கள் போகும் வில் வண்டிக்கு உண்டு. வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்கி, அதன் மேல் வண்டிக் கூட்டை உட்கார வைத்தார்கள். அம்பாசிடரின் பின்பக்கத்தில் இருப்பதும் அடிப்படையில் அதே வில்தான். பட்டறைகளில் இதைக் கமான் கட்டு என்றும், தனித் தகட்டைக் கமான் பட்டை என்றும் சொல்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நீளமான பட்டைக்குத் தலைப் பட்டை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டு, கண்போலத் துளையுடன் இருக்கும். முன் கண் காரின் அடிப்பாகத்தில் உள்ள கொக்கியில் ஒரு போல்ட்டினால் பூட்டப்பட்டிருக்கிறது. பின் கண்ணை நேராக உடம்பில் பூட்ட முடியாது. ஏனெனில் பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. நிமிரும்போது அதன் நீளம் கூடுகிறது. அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காக, ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும் ஷேக்கிள் என்ற இணைப்பு பின் கண்ணில் இருக்கிறது. கண்களிலும் ஷேக்கிளிலும் இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ரப்பர் புஷ்கள் செருகப்பட்டிருக்கின்றன. பட்டைகள் அனைத்தையும் நடுவில் துளைத்துச் செல்லும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் இருக்கையில் உள்ள குழியில் பதிந்து நிற்கிறது. அதற்கு இருபுறமும் யு போல்ட்டுகள் அச்சையும் கட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கின்றன.

இதில் ஒரு செய்தியை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பிற்காலத்துச் சுருள் வில் கார்களில் பாரத்தைத் தாங்குவது சுருள்; அச்சைப் பிடித்திருப்பது வேறு கைகள். கமான் கட்டு வண்டியில் அந்தக் கைகள் கிடையாது. பாரத்தைத் தாங்குவதும் கமான் கட்டுதான், பின் அச்சை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் கமான் கட்டுதான். முடுக்கும்போது அச்சு முன்னே தள்ளுகிறது. பிரேக் போடும்போது பின்னே இழுக்கிறது. இரண்டையும் தலைப் பட்டையும் அதன் முன் கொக்கியும் ஏற்கின்றன. ஆகவே இங்கே ஒரு போல்ட் அறுந்தால் சத்தத்தோடு காரியம் முடியாது. சக்கரமே இடம் மாறும்.

பின்பாரம் செய்யும் வேலை

வண்டி ஓட்டியவர்களுக்குப் பின்பாரம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டை பின்னால் சரிந்தால் நுகத்தடி மேலே தூக்கும். காரில் நுகத்தடி இல்லாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

45 கிலோ யூரியா மூட்டை நான்கை டிக்கியில் ஏற்றினால் 180 கிலோ. அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 97 அங்குலம். மூட்டைகளின் நடு, பின் அச்சுக்கு மூன்றடி பின்னால் இருப்பதாகக் கொண்டால், பின் அச்சின் மேல் ஏறும் சுமை 180 கிலோ அல்ல. ஏறக்குறைய 247 கிலோ. அதிகமான 67 கிலோவும் முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்பட்டது. ஸ்டியரிங் லேசாகிப்போவதும், இரவில் விளக்கு வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான். அதே நான்கில் இரண்டு மூட்டைகளைப் பின் இருக்கைக்கு முன்னால் கால் வைக்கும் தளத்துக்கு மாற்றி, அந்த இடம் அச்சுக்கு இரண்டடி முன்னால் இருப்பதாகக் கணக்கிட்டால், பின் அச்சுச் சுமை 191 கிலோவாக இறங்கிவிடுகிறது. ஒரு காசும் செலவில்லை.

பாரத்துக்குப் பயந்து கூடுதல் பட்டை சேர்ப்பவர்கள் இன்னொரு கணக்கையும் அறிய வேண்டும். பட்டைகளின் எண்ணிக்கை கூடினால் கட்டின் விறைப்பு அதே விகிதத்தில் கூடும். கனம் கூடினாலோ, மும்மடிக் கணக்கில் கூடும். கனத்தில் பத்தில் ஒரு பங்கு அதிகமான பட்டை, விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு அதிகம். கிடைத்த லாரிப் பட்டை ஒன்றை வெட்டிச் செருகினால், மூட்டை இல்லாத நாட்களில் அந்தக் கார் குதித்துக்கொண்டே போகும். அந்த அதிர்ச்சி முழுவதும் கண்களுக்கும், துருப்பிடித்த கொக்கிகளுக்கும் போய்ச் சேரும். மெத்தென்று இருந்த வண்டி கட்டையாகிவிட்டது என்பது பெரிய குறையல்ல. கொக்கி பெயர்ந்துகொண்டு வருவதே குறை.

ஓசையைக் கேட்டு இடத்தை அறிதல்

முதல் வேலை, டிக்கியைக் காலி செய்வது. ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி டயர், மறந்துபோன மண்வெட்டி இலை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்றுப் போய் வர வேண்டும். சிலருடைய சத்தம் அத்துடன் தீர்ந்துவிடும். அடுத்து, சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர் பட்டைகளையும், பெட்ரோல் டாங்கின் கட்டுப் பட்டையையும், சக்கர நட்டுகளையும் பார்க்க வேண்டும். வேகம் கூடக்கூட 'ஊம்' என்று ஏறும் ஒலி, பள்ளம் மேடு இல்லாத தார்ச்சாலையிலும் வருமானால், அது சக்கர பேரிங் அல்லது டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களின் வேலை. கமான் கட்டைப் பிரித்துப் பயனில்லை.

மீதி ஓசைகளைப் பின் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, மெதுவாக ஓட்டிக் கேட்க வேண்டும். சேத்தியாத்தோப்புச் சாலையோ கடலூர்ச் சாலையோ எதுவானாலும், தெரிந்த பள்ளம் உள்ள ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டுவது நல்லது.

சின்னச் சின்ன அதிர்வுக்கெல்லாம் 'கட கட' என்று வருவது, ஷேக்கிள் புஷ் அல்லது ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் புஷ். வண்டி மேலும் கீழும் ஆடும்போது குருவிபோல் 'கீச் கீச்' என்பது, காய்ந்து துருவேறிய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உரசுவது, அல்லது ரப்பர் காய்ந்துபோனது. பெரிய பள்ளத்தில் மட்டும் 'டம்' என்று அடித்தால், அச்சு மேலே வந்து மோதும் இடத்தில் உள்ள ரப்பர் கட்டை விழுந்திருக்கும். அல்லது பட்டைகள் தளர்ந்து அச்சுக்கும் உடம்புக்கும் இடையே தூரம் குறைந்திருக்கும். கிளட்சை விட்டுக் கிளம்பும்போதும், பிரேக் போடும்போதும் ஒரே ஒரு தடவை 'டக்' என்று கேட்டால் உடனே கவனிக்க வேண்டும். அது நீள் தண்டின் கிராஸ் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம்; அச்சு தன் இருக்கையில் நகர்வதாகவும் இருக்கலாம்.

கீச்சொலி எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்புபவர்களுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு சொம்புத் தண்ணீரை ஒரு பக்கத்துக் கட்டின் மேல் மட்டும் ஊற்றி, வண்டியை ஆட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் சற்று நேரத்துக்கு அடங்கினால் இடம் அதுதான். அடங்காவிட்டால், மறுபக்கம். பிறகு கண்களில் மட்டும், ஷேக்கிளில் மட்டும் என்று இடத்தைக் குறுக்கிக்கொண்டே போகலாம்.

ஷாக் அப்சார்பரை அறிய, காரின் பின் மூலையை இரண்டு கையாலும் மூன்று முறை அழுத்தி ஆட்டிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஒன்றரை ஆட்டத்தில் வண்டி நின்றால் அது நன்றாக இருக்கிறது. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தாலோ, ஷாக் அப்சார்பரின் உடம்பில் ஆயில் வடிந்து புழுதி ஒட்டியிருந்தாலோதான் அதை மாற்றும் அவசியம் வருகிறது. ஷாக் அப்சார்பர் கெட்டால் வண்டி ஆடுமே தவிர, சத்தம் வருவது பெரும்பாலும் அதன் புஷ் கெட்டதால்தான். சத்தத்துக்காக மட்டும் புதிது வாங்கிப் போட்டவர்களுக்குச் சத்தம் நின்றதும் உண்டு. நின்றதன் காரணம், புதியதுடன் வந்த ரப்பர்.

டேப்பு பிடித்துப் பார்க்க வேண்டிய இரண்டு அளவுகள்

காரைச் சமதளத்தில், ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்த வேண்டும். வலப்பக்கத்து முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை டேப்பு பிடித்து அளக்க வேண்டும். பிறகு இடப்பக்கம். இரண்டும் ஒன்றாக இருப்பது முறை. ஒரு விரற்கடைக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஒரு பக்கத்துச் சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்ட கார், பின்னால் வருபவர் கண்ணுக்கு நண்டுபோல் ஒருச்சாய்த்து ஓடுவதாகத் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே நேராக ஓட்ட வேண்டியிருக்கும்.

இந்தப் போல்ட் தானாக அறுவதில்லை. யு போல்ட் நட்டுகள் தளர்ந்து, கட்டு அச்சின் மேல் அசையத் தொடங்கிய பிறகே அறுகிறது. அச்சைப் பிடிக்கும் பொறுப்பு யு போல்ட்டினுடையது. சென்டர் போல்ட் இடத்தைக் காட்டும் முளை மட்டுமே. எனவே அறுந்த போல்ட்டை மாற்றிவிட்டு, நூல் தேய்ந்து நீண்டுபோன பழைய யு போல்ட்டையே மறுபடி பூட்டுவது, உடைந்த மடையின் மேல் ஒரு கூடை மண்ணைக் கொட்டுவதற்குச் சமம்.

அடுத்த அளவு உயரம். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்தால், எந்தக் கட்டு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் இறங்கியிருப்பது இயற்கை. திடீரென்று ஒரு பக்கம் இறங்கினால் பட்டை உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்த பட்டை, கிளிப்புகளின் பிடியில் தன் இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே படிந்த மண்ணைத் தட்டினால்தான் கண்ணில் படும்.

காரின் அடியில் போகும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. இதைத் தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். குறிஞ்சிப்பாடிக்கு மேற்கே செம்மண் மேடு. கிழக்கே பெருமாள் ஏரிப் பாசனத்தின் களிமண். மழை பெய்த களத்து மேட்டில் ஜாக்கி கண்ணுக்குத் தெரியாமல் புதையும். சிமெண்டுத் தரையில் வேலை செய்வதே சரி. அது இல்லாதபோது ஜாக்கியின் அடியில் அகலமான பலகை வைக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு கை பிரேக் உதவாது, அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. தூக்கியதும் உடம்பின் உறுதியான பாகத்தில் இரும்பு ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் கூடாது. கல் பார்வைக்கு உறுதியாக இருக்கும். ஒரு முனையில் பாரம் விழுந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கிவிடும்.

அச்சைத் தொங்கவிடும்போது, உடம்பிலிருந்து அச்சுக்கு வரும் பிரேக் ஆயில் ரப்பர் குழாய் இழுபடாமல் அச்சின் அடியிலும் ஒரு தாங்கல் இருக்கட்டும்.

இப்போது ஒரு தட்டைக் கம்பியை ஷேக்கிளுக்கும் கண்ணுக்கும் இடையே கொடுத்து மெல்ல நெம்பினால், நல்ல புஷ் ரப்பருக்கு உரிய அளவில் கொடுத்துவிட்டுத் திரும்பும். கெட்டது 'டக்' என்று நகரும். ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருப்பதும், கறுப்புத் தூளாக உதிர்வதும், துளையில் போல்ட் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பதும் கண்ணாலேயே தெரியும்.

புஷ் மாற்றும்போது

புஷ் விலை மலிவு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகள் போன்ற இடங்களில் அம்பாசிடர் உதிரிபாகம் கேட்டுப் பெறலாம். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ கட்டித்தனமோ இல்லாததாக வாங்க வேண்டும். நெடுங்காலம் கடையில் கிடந்த ரப்பரும் வயதானதே. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் இரு பக்கமும் மாற்றுவது உத்தமம். போல்ட்டும் ஷேக்கிள் முளையும் தேய்ந்து குழி விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றாமல் புது ரப்பரை மட்டும் போடுவது வீண். சில மாதத்தில் சத்தம் திரும்பிவிடும்.

துளையின் துருவை எமரித் தாளால் சுத்தம் செய்து, சோப்பு நீர் தொட்டு ரப்பரைச் செருக வேண்டும். கிரீஸ், டீசல், என்ஜின் ஆயில் எதுவும் ரப்பரில் படக்கூடாது. மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய்கள் இயற்கை ரப்பரை ஊறவைத்து, உப்பச் செய்து, கூழாக்கிவிடும். பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் சத்தத்தை ஒரு வாரம் அடக்கி, புஷ்ஷை ஒரு வருஷத்தில் தின்றுவிடுவது இதனால்தான். வழிந்த ஆயிலில் புழுதி ஒட்டி, பட்டைகளுக்கு இடையே உப்புத்தாள்போல் அரைப்பது வேறு. ஆமணக்கெண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. மாட்டு வண்டி அச்சுக்கு மசையாகப் பயன்பட்ட அதே எண்ணெயைத் தொட்டு ரப்பரைச் செருகினால் ரப்பருக்குக் கேடு வராது.

இனி, அனுபவம் உள்ள பட்டறைகளிலும் சில சமயம் தவறிப்போகும் ஒரு விஷயம். கார் ஸ்டாண்டில் தொங்கும்போதே கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டையும் முழுதாக முறுக்கிவிடக் கூடாது. அந்த நிலையில் பட்டை தொங்கி வளைந்திருக்கிறது. அப்போது இறுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் பட்டை நிமிர, ரப்பர் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே காலமெல்லாம் நிற்கும். பள்ளம் வரும்போது மேலும் முறுக்கும், கிழியும். நட்டுகளைக் கையளவு பூட்டி, காரைச் சக்கரத்தின் மேல் இறக்கி, இரண்டு ஆட்களைப் பின்னால் உட்கார வைத்து ஆட்டிவிட்டு, பிறகுதான் இறுதியாக முறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையால் புஷ்ஷின் ஆயுள் பல மடங்கு நீளும்.

கட்டைப் பிரிக்க நேர்ந்தால்

கீச்சொலி பட்டைகளிலிருந்துதான் என்று தெரிந்தால் கட்டை இறக்கிப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் துருவை நீக்கிப் பார்க்க வேண்டும். கட்டுகளைப் பிரிப்பது வீட்டில் செய்யும் வேலையல்ல. பட்டைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருப்பதால், இடுக்கியில் பிடிக்காமல் சென்டர் போல்ட்டைக் கழற்றினால் தெறிக்கும். கமான் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும்.

பிரித்த பட்டைகளில் வெடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. சுத்தம் செய்த பட்டையின் மேல் மண்ணெண்ணெய் தடவி, கால் மணி நேரம் விட்டு, உலரத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைப் பூச வேண்டும். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் மயிரிழைபோல் ஈரக்கோடு தெரியும். நடுத் துளையைச் சுற்றியும், கண்ணின் சுருள் தொடங்கும் இடத்திலும், கீழ்ப் பட்டையின் முனை மேல் பட்டையில் அழுந்திய தடத்திலும் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். கோடு தெரிந்த பட்டையை ஒதுக்கிவிட வேண்டும். வெல்டிங் வைத்து ஒட்டுவது கூடாது.

ஏன் கூடாது என்பது கொல்லுப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த இந்த எஃகில் அரிவாள் அடித்தால் நன்றாக வரும் என்று கொல்லர்கள் பழைய கமான் பட்டையைத் தேடி வாங்குவார்கள். உலையில் பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கிய பின், துவைச்சல் ஏற்றினால்தான் அதற்கு உறுதி வரும். தொழிற்சாலையில் அளவோடு ஏற்றிய துவைச்சல், காஸ் விளக்கின் சூட்டிலும் வெல்டிங் சூட்டிலும் அந்த இடத்தில் மட்டும் கெட்டுவிடுகிறது. அடுத்த முறிவு அங்கேதான். தளர்ந்த பட்டையைச் சுத்தியலால் தட்டி மறுபடி வளைத்துக் கொடுப்பதும் ஓரளவுக்கே உதவும். துவைச்சல் இல்லாமல் வளைத்த பட்டை சில பருவங்களில் பழையபடி படுத்துவிடும். வசதியிருந்தால் இரு பக்கமும் புதுக் கட்டு போட்டுவிடலாம். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் வண்டி சாய்ந்து நிற்கும்.

நல்ல பட்டைகளுக்குக் கிராஃபைட் கலந்த கிரீஸை மெல்லியதாகத் தடவி, அடுக்கி, கண்களில் படாமல் துடைத்துப் பூட்ட வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்கள்

கடலூர் மாவட்டத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 நவம்பர், டிசம்பரில் பெருவெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழை என்று அடுத்தடுத்து வந்ததில், நாள் கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகள் பல. என்ஜினையும் மின்சார வயர்களையும் சரிசெய்து ஓட்டத் தொடங்கியவர்கள், அடிப்பாகத்தை மறந்துவிட்டனர். கடலோரக் காற்றின் உப்பும் சேர்ந்துகொண்டது.

அம்பாசிடருக்கு ஜீப்பைப்போலத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டால் ஆன உடம்பே சேஸிஸாகவும் இருக்கிறது. கமான் கட்டின் கொக்கிகள் அந்தத் தகட்டுப் பெட்டிகளில்தான் பொருத்தப்பட்டுள்ளன. பெட்டிக்குள் புகுந்த சேறு வெளியே வராமல் ஈரத்தைப் பிடித்து வைத்து, உள்ளிருந்து வெளியே அரிக்கிறது. வெளியில் தார்ப்பூச்சு பளபளப்பாக இருக்கும். உள்ளே தகடு அப்பளமாகியிருக்கும். பாரம் ஏறும்போது 'கிர்ர்க்' என்று தகரம் கிழியும் மாதிரி வரும் ஓசையும், பின் கதவு சரியாகச் சாத்தாமல் இடிப்பதும் இதன் அடையாளம். கொக்கியைச் சுற்றிலும் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்டால் தகடு இருக்கிறது. 'சொத்' என்று கேட்டாலோ, துரு ஏடு ஏடாக உதிர்ந்தாலோ, புஷ்ஷைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அழுகிய தகட்டை வெட்டி நீக்கி, நல்ல தகடு வரை புதுத் தகடு வைத்துக் கட்டும் வேலை அது. துருவின் மேலேயே ஒட்டுப் போட்டு, தார் பூசி மறைத்துத் தரும் வேலையை ஏற்றுக்கொள்ளக் கூடாது. முன் கொக்கி பெயர்ந்தால் ஓடும் காரில் பின் சக்கரம் கோணலாகத் திரும்பும். அதில் குடும்பம் உட்கார்ந்திருக்கும். இந்த வேலைக்கு ஆகும் செலவு காரின் விலையைத் தாண்டும் என்றால், காரை நிறுத்திவிடுவதே முறை. சென்டர் போல்ட் அறுந்த வண்டியையும் பழுது பார்க்கும் வரை சாலையில் எடுக்கக் கூடாது. மற்றச் சத்தங்களோடு ஒரு மாதம் ஓட்டலாம். இந்த இரண்டோடு ஒரு நாளும் ஓட்டலாகாது.

மாருதி ஆம்னி வேனுக்கும், பழைய பத்மினி காருக்கும், ஜீப்புக்கும் பின்பக்கம் கமான் கட்டே என்பதால் இங்கே சொன்ன முறைகள் அவற்றுக்கும் பொருந்தும். சுருள் வில் கார்களில் பட்டையும் ஷேக்கிளும் கிடையாது; கைகளின் புஷ்ஷையும் ஷாக் அப்சார்பரின் மேல் முனையையும் முதலில் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி வாக்கில் அடிப்பாகத்தை ஒருமுறை பார்த்துவிடுவதும், தை பிறந்து சேறு காய்ந்ததும் பம்பு செட் தண்ணீரைப் பீய்ச்சி, கொக்கிகளையும் தகட்டுப் பெட்டிகளின் வடிகால் துளைகளையும் கழுவிவிடுவதும் வழக்கமாக வேண்டும். துளைகள் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடலாம். புதுக் கட்டோ, புது யு போல்ட்டோ போட்ட வண்டியில் முதல் 500 கிலோமீட்டருக்குள் நட்டுகளைக் குறுக்குமறுக்காக மறுபடி ஒரு சுற்று முறுக்கிப் பார்க்க வேண்டும். பட்டைகள் அழுந்தி அமர்ந்து, நட்டு தளர்வது அந்த நாட்களில்தான்.